புதுப்பட்டி அண்ணாச்சியும் ஏழு மெகாஹெர்ட்ஸும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பாராவோட நிறுத்தி வச்ச பதிவு இது. இன்னைக்கு எப்படியும் முடிச்சிடறதுன்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டின்னு ஒரு ஊர். பட்டாசு விபத்துச் செய்தியில "எம். புதுப்பட்டி போலீசார் வழக்குப் பதிவு செய்து" ன்னு வர்ற வரியில மட்டும்தான் வெளியூர்க்காரங்க கண்ணுல இந்தப் பேரு பட்டிருக்கும். அந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு ஜப்பான்காரன்கிட்டயும் இத்தாலிக்காரன்கிட்டயும் பேசிக்கிட்டிருந்த ஒரு மனுஷனைப் பத்திதான் சொல்லப் போறேன். இன்டர்நெட் கிடையாது, வீட்டுல டெலிபோன்கூட கிடையாது. ஒரு வேப்ப மரம், ஒரு தென்னை மரம், ரெண்டுக்கும் நடுவுல இழுத்துக் கட்டின செம்புக் கம்பி. அவ்வளவுதான் சாதனம்.

பேரு போடலை. மதினி வேண்டாம்னுட்டாங்க. ஹாம் ரேடியோக்காரங்களுக்கு அரசாங்கம் தர்ற அழைப்புக் குறியும் போடலை, அதைப் போட்டா பேரைப் போட்ட மாதிரிதான். நான் கூப்பிட்டபடியே அண்ணாச்சின்னே எழுதிட்டுப் போறேன். 2019-ல காலமாயிட்டாரு. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு.

கொசுவத்தியை 1986-க்குச் சுத்துங்க. நான் பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். ராமநாதபுரத்துலேர்ந்து எங்க மாவட்டம் பிரிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. வீட்டுல இருந்த மர்பி ரேடியோ சிலோன் ஸ்டேஷனைப் பிடிக்க மாட்டேன்னு அடம் பண்ண, அதைத் தூக்கிட்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். எட்டுக்கு எட்டு கடை. சுவர் பூரா வயித்தைத் திறந்து போட்ட ரேடியோக்கள். ஈயம் உருகற வாசனை. ரேடியோ வச்சிருக்கறவங்க தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டின காலம் முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு, அதனால பரண்ல ஒளிச்சு வச்சிருந்த பெட்டியெல்லாம் ரிப்பேருக்கு வந்து குவிஞ்சிருந்ததா சொல்லிச் சிரிச்சாரு.

என் ரேடியோவைச் சரி பண்ணிட்டு, சோதிக்கறதுக்காக சிற்றலை முள்ளைத் திருப்பினாரு. ஒரு இடத்துல வாத்து கத்தற மாதிரி ஒரு சத்தம். "கெட்டுப் போச்சா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "இது பேச்சு தம்பி, உனக்குப் புரியலை, அவ்வளவுதான்" னாரு. பக்கத்துல இருந்த இன்னொரு டிரான்சிஸ்டரை எடுத்து என் ரேடியோவோட ஒட்டி வச்சாரு. அதோட முள்ளை மயிரிழை மயிரிழையா நகர்த்தினாரு. வாத்து மனுஷன் ஆயிடுச்சு. ஒருத்தர் பெங்களூர்லேர்ந்து இங்கிலீஷ்ல அவரோட வீட்டு மாடித் தோட்டத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காரு!

இதுக்குள்ள இருக்கற சூட்சுமம் பிறகுதான் புரிஞ்சுது. சாதாரண ரேடியோ நிலையம் தன் ஒலியோட ஒரு ஊர்தி அலையையும் சேர்த்து அனுப்பும். ஹாம்காரங்க மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த ஊர்தி அலையை வெட்டிட்டு, ஒலியோட ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பறாங்க. வெட்டினதைக் கேட்கறவன் தன் பக்கத்துல போட்டு நிரப்பிக்கணும். ரெண்டாவது டிரான்சிஸ்டருக்குள்ள ஓடற அலையியற்றி அந்த வேலையைச் செஞ்சுது. பாதியை அனுப்பறவன் போட, மீதியைக் கேட்கறவன் போடணும். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அப்புறம் தினமும் கடைதான். ஈயம் வச்சுக்கிட்டே கதை சொல்லுவாரு. பாடப் புஸ்தகத்துல இல்லாத கதை எல்லாம். இந்தியாவுல ரேடியோவை சர்க்கார் கொண்டு வரலை, பொழுதுபோக்குக்காரங்கதான் கொண்டு வந்தாங்கங்கறதுல அவருக்கு ஒரு தனிப் பெருமை. 1921-ல கல்கத்தாவுல அமரேந்திர சந்திர குப்து ங்கறவரு 2 ஜே.கே. ன்னு அழைப்புக் குறி வாங்கி இந்த நாட்டோட முதல் அமெச்சூர் ஆனாரு. நம்ம சென்னையில சி.வி. கிருஷ்ணசாமி செட்டி ங்கறவரு முன்னால நின்னு 1924 மே மாசம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பிச்சாங்க. ஜூலை 31-ம் தேதி 40 வாட் டிரான்ஸ்மிட்டர்ல ஒலிபரப்பு. 40 வாட்! வீட்டுல எரியற குண்டு பல்பு. பிறகு 200 வாட் ஆச்சு. 1927-ல காசு இல்லாம கிளப்பை மூடினாங்க. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிகிட்ட கொடுத்துட்டாங்க. அதை வச்சு 1930 ஏப்ரல்லேர்ந்து மாநகராட்சி ஒலிபரப்பு நடத்துச்சு, மெரினாவுல ஒலிபெருக்கி வச்சு ஜனங்க நின்னு கேட்டாங்க. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்து சேர்ந்தது 1938 ஜூன் 16-ல தான். "ஆகாஷ்வாணிக்கு அப்பன் நாங்கய்யா" ம்பாரு. :-)

பெருமையோட சேர்ந்து நெருடலும் ஒண்ணு உண்டு. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் அமெச்சூர் லைசென்ஸை எல்லாம் வெள்ளைக்காரன் நிறுத்தி வச்சுட்டான். 1942-ல வெள்ளையனே வெளியேறு போராட்டம். உஷா மேத்தாவும் கூட்டாளிகளும் பம்பாயில ஆகஸ்ட் 27-ல ரகசியமா காங்கிரஸ் ரேடியோ ஆரம்பிச்சாங்க. 42.34 மீட்டர்ல பேசுச்சு அது. வீடு வீடா மாத்தி மாத்தி நடத்தி, நவம்பர் 12-ல மாட்டிக்கிட்டாங்க. அந்த டிரான்ஸ்மிட்டரைச் செஞ்சு கொடுத்தவரு நரிமன் பிரின்டர் ங்கற ஹாம். போலீஸ்ல சிக்கினதும் இடத்தைக் காட்டிக் கொடுத்தவரும் அவரேதான்னு உஷா மேத்தா தரப்புல சொன்னாங்க. இதைச் சொல்லும்போது அண்ணாச்சி ஈயக்கோலைக் கீழே வச்சுடுவாரு. "செஞ்சவனும் அவன்தான், கெடுத்தவனும் அவன்தான். அவனை எந்தக் கணக்குல எழுதறது தம்பி?" எனக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் தெரியாது.

லைசென்ஸ் கதைக்கு வர்றேன். மத்திய அரசோட தகவல் தொடர்புத் துறை நடத்தற பரீட்சையில பாஸ் பண்ணணும். ரேடியோ தியரி, சட்ட திட்டம், அப்புறம் மோர்ஸ். அப்போ ரெண்டாம் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 5 வார்த்தை வேகம், முதல் கிரேடுக்கு 12. பரீட்சை எழுதச் சென்னைக்குப் போகணும். எனக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுத்தது டீக்கடை பெஞ்சுல. புள்ளி கோடுன்னு எண்ணாதே, சத்தமா கேளு, தவில்காரன் சொல்கட்டு மாதிரி மனசுல ஓடணும்பாரு. டீ கிளாஸ்ல கரண்டியால தட்டுவாரு. கிளம்பும்போது எப்பவும் டா டா டிடிடிட், டிடிடி டா டா. அது 73. ஹாம் பாஷையில "அன்பு வணக்கம், போயிட்டு வர்றேன்". டீக்கடைக்காரரே பிற்காலத்துல அதைத் தட்ட ஆரம்பிச்சுட்டாரு.

பரீட்சையை விடப் பெரிய மலை போலீஸ் விசாரணை. காலம் அப்படி. 1986 நவம்பர்லதான் சென்னையில விடுதலைப் புலிகளோட வயர்லெஸ் கருவிகளைத் தமிழக போலீஸ் பறிமுதல் பண்ணி, பிரபாகரன் உண்ணாவிரதம் உட்கார்ந்து, எம்.ஜி.ஆர். அரசு திருப்பிக் கொடுத்துச்சு. அந்த நேரத்துல பட்டாசு ஊர்ல ஒருத்தன் "எனக்கு வயர்லெஸ் வேணும்" னு மனு போட்டா எப்படி இருக்கும்? வெடிமருந்தும் வயர்லெஸ்ஸும் ஒரே முகவரியில! ஒரு அதிகாரி வந்து, "யார்கிட்ட பேசப் போறே?"ன்னு கேட்டிருக்காரு. "யார் கேட்கறாங்களோ அவங்ககிட்ட" ன்னு அண்ணாச்சி உள்ளதைச் சொல்லப் போக, மனு இன்னும் ஆறு மாசம் தூங்குச்சு. 1988-ல அவருக்கு லைசென்ஸ் வந்துச்சு. எனக்கு 1990-ல, ரெண்டாம் கிரேடு, வி.யு.3 ன்னு ஆரம்பிக்கற குறி. அவரு பிறகு பரீட்சை எழுதி வி.யு.2 ஆயிட்டாரு. நான் சோம்பேறி, கடைசி வரைக்கும் 3.

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூர். அடுத்த வாரமே அண்ணாச்சி வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்க. கொலையாளிகள் யாழ்ப்பாணத்தோட ரகசிய வயர்லெஸ்ல பேசினாங்கன்னு பேப்பர்ல வர ஆரம்பிச்சிருந்த நேரம். நோட்டு, கருவி, லைசென்ஸ் எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு அண்ணாச்சி சொன்ன பதில் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் கூடவே இருந்தேன். "ஐயா, செத்துப் போனவரு எங்க ஆளு. வி.யு.2.ஆர்.ஜி. அவரோட குறி." வந்தவரு நம்பலை. ராஜீவ் காந்தி லைசென்ஸ் வாங்கின ஹாம், சோனியா காந்திக்கும் வி.யு.2.எஸ்.ஓ.என். ன்னு குறி உண்டு, 1984-ல அவரு பிரதமரான பிறகுதான் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரியைத் தள்ளுபடி பண்ணினாங்கன்னு விளக்கினாரு. வந்தவரு டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. ஊர்தான் பல மாசம் அந்தக் கம்பியை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துச்சு.

அந்தக் கம்பியைப் பத்தி இன்னொரு பயமும் இருந்துச்சு. பக்கத்து பட்டாசு ஆலை ஃபோர்மேன் ஒரு நாள் வந்து, "அண்ணாச்சி, நீங்க பேசறப்ப கரண்டு காத்துல வருதாமே, மருந்து பத்திக்குமா?"ன்னு கேட்டாரு. சிரிக்கிற விஷயம் இல்லை. சிவகாசியில மருந்து அறைக்குள்ள நுழையறதுக்கு முன்னால உடம்புல இருக்கற நிலைமின்சாரம் இறங்கறதுக்குச் செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போகணும், தரையில ரப்பர் விரிப்பு போடணும். ஒரு பொறி போதும். ரேடியோ அலையால ஆபத்து, கம்பி இணைச்ச மின்சார டெட்டனேட்டருக்குத்தான், அந்தக் கம்பியே ஏரியல் மாதிரி அலையை வாங்கிக்கும். திரி வச்ச பட்டாசுல கம்பி இல்லை, என் வாட்டும் கொஞ்சம், தூரமும் இருக்குன்னு அண்ணாச்சி பொறுமையா விளக்கினாரு. ஆனா "இடி பயம் இருக்கு, அது நிஜம்" னும் சொன்னாரு. மழை நாள்ல மின்னல் விழுந்து ஆலை வெடிக்கறது எங்க பக்கம் புதுசு இல்லை. கம்பியை ரேடியோவுலேர்ந்து கழட்டி நேரா பூமிக்குள்ள இறக்க ஒரு கத்தி சுவிட்ச் வச்சிருந்தாரு. படுக்கப் போகும்போது மதினி "சுவிட்சைப் போட்டாச்சா?"ன்னு கேட்காத நாள் இல்லை.

அதுலேர்ந்து ஒரு ஏற்பாடு உண்டாச்சு. ரேடியோவுல வர்ற கரகரப்புல பாதி, எங்கேயோ அடிக்கற மின்னலோட சத்தம். வானம் இருட்டறதுக்கு முன்னாலயே காதுல விழும். கரகரப்பு பட் பட்டுன்னு கெட்டியாகி, இடைவெளி குறைஞ்சா மழை நெருங்குதுன்னு அர்த்தம். அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கிட்டு ஆலைக்குப் போயிடுவாரு. "ஆளை வெளியே எடுங்க". பல நாள் மழை வராது. ஃபோர்மேன் முணுமுணுப்பாரு, அரை நாள் வேலை கெட்டுச்சேன்னு. பிற்காலத்துல சைக்கிளுக்குப் பதிலா செல்போன். அதனால எத்தனை உசிரு பிழைச்சுதுன்னு எந்தக் கணக்கும் கிடையாது. அந்த ஆலையில இடி விழவே இல்லை, அதனால தெரியாது.

எனக்கு மதுரையில வேலை கிடைச்சு 1992-ல அங்கே போயிட்டேன். அப்போ ஒரு ஒப்பந்தம். ஞாயித்துக்கிழமை காலை 7 மணி, 7.050 மெகாஹெர்ட்ஸ். முதல்ல அவரு என்னைக் கூப்பிடணும், நான் பதில் சொல்லணும். எழுபது எண்பது கிலோமீட்டர் தூரத்துக்கு அலை எப்படிப் போகுதுங்கறீங்க? பக்கவாட்டுல போகாது. தாழ்வா கட்டின கம்பியிலேர்ந்து செங்குத்தா மேலே போய், அயனி மண்டலத்துல முட்டி, குடை மாதிரி நம்ம தலை மேலயே இறங்கும். என்ன பேசினோம்? ஒண்ணும் இல்லை. கத்திரிக்காய் விலை, புது வால்வு எங்க கிடைக்கும், மதினிக்கு மூட்டு வலி. அரசியல், மதம், வியாபாரம் பேசக் கூடாது, சட்டம். கிரிக்கெட் பேசலாம், நான் அதைத்தான் பேசினேன்.

2004 வாக்குல ஹைதராபாத் அஷார் ஃபர்ஹான் வடிவமைச்ச பிட்டெக்ஸ் ங்கற கருவியோட வரைபடம் கைக்குக் கிடைச்சுது. வெளிநாட்டுப் பெட்டி வாங்க வழியில்லாத இந்திய ஹாம்களுக்குன்னே, நம்ம ஊர்ல கிடைக்கற சாமானை வச்சு யோசிச்சது. அதுல கம்பிச் சுருள் சுத்தறதுக்கு விசேஷ வளையம் கிடைக்கலைன்னா தண்ணிக் குழாய்ல போடற நைலான் வாஷர் போதும்! அண்ணாச்சி சிவகாசி ஹார்டுவேர் கடையில ஒரு டஜன் வாஷர் வாங்கிட்டு வந்து, "குழாய் எத்தனை ஒழுகுது?"ன்னு கடைக்காரர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. ஆறு வாட் வெளியே போகும். ஜீரோ வாட் பல்பு இழுக்கற கரண்டுகூட இல்லை. அதை வச்சு இலங்கையைப் பிடிச்சாரு.

அதே வருஷம் டிசம்பர். இந்த விஷயத்தை எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பிச்சேன்னும் சொல்லலாம்.

அந்தமான் 1987-க்கு அப்புறம் ஹாம் உலகத்துல மௌனமா கிடந்த இடம். பாதுகாப்புக் காரணம், அனுமதி கிடையாது. உலகம் பூரா ஹாம்காரங்க ஏங்கிக் கிடந்தாங்க. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாம அலைஞ்சு அனுமதி வாங்கி, ஒரு சின்னக் குழுவோட போர்ட் பிளேர் போய், டிசம்பர் 3-லேர்ந்து வி.யு.4.ஆர்.பி.ஐ. ன்னு ஒலிக்க ஆரம்பிச்சாங்க. ஹோட்டல் அறையிலேர்ந்து. ஒரே நேரத்துல ஆயிரம் பேர் கூப்பிடற நெரிசல். அண்ணாச்சி அதுல மூணு ராத்திரி தொண்டை கிழியக் கூப்பிட்டு, நாலாவது நாள் பதில் வாங்கினாரு. மொத்தப் பேச்சு ஐந்து விநாடி. ஞாயித்துக்கிழமை அதை எனக்கு அரை மணி நேரம் சொன்னாரு.

டிசம்பர் 26-ம் ஞாயித்துக்கிழமைதான். காலை 6.29-க்கு சுமத்ரா பக்கம் கடல் அடியில பூமி பிளந்துச்சு. நாங்க 7 மணிக்கு வழக்கம்போல பேசினோம், ஒண்ணும் தெரியாது. எட்டரை ஒன்பது மணிக்கு மேலதான் நம்ம கடற்கரைக்கே அலை வந்துச்சு. அண்ணாச்சி பேச்சை முடிச்சுட்டு 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போயிருக்காரு, அந்தமானை இன்னொரு தடவை கேட்கலாமேன்னு. நிலையம் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. ஆனா இப்போ ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேர்கிட்ட பேசற குரல் இல்லை. டெலிபோன் செத்து, கரண்டு செத்து, தீவுகளுக்கும் கரைக்கும் நடுவுல தொடர்பு அத்துப் போன நேரத்துல, அந்தப் பொண்ணு தன் பொழுதுபோக்குக் கருவியை அவசர நிலையமா மாத்திட்டாங்க. பிறகு கார் நிகோபாருக்கும் ஹாம்காரங்க கருவியோட போனாங்க. காணாம போனவங்க பேரும், பிழைச்சவங்க பேரும் வானத்து வழியா வந்துச்சு.

அண்ணாச்சி மூணு நாள் கடையைத் திறக்கலை. ஒரு வார்த்தையும் பேசவும் இல்லை. ஹாம் ஒழுங்குல முதல் விதி அது: அவசரம்னா வாயை மூடு, அலைவரிசையைக் காலி பண்ணு, கேளு. புதுப்பட்டியில ஒரு குடும்பத்துப் பொண்ணை போர்ட் பிளேர்ல கட்டிக் கொடுத்திருந்தாங்க (அங்கே நம்ம ஆளுங்க ஏகப்பட்ட பேரு இருக்காங்க). அந்த அம்மா அண்ணாச்சி வீட்டு வாசல்லயே உட்கார்ந்திருச்சு. மூணாவது நாள் நெரிசல் குறைஞ்சதும், கரையில இருந்த ஒரு ஹாம் மூலமா பொண்ணு பேரையும் மாப்பிள்ளை பேரையும் விலாசத்தையும் கொடுத்தாரு, எழுத்து எழுத்தா, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி. ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. ரெண்டு பேரும் நலம், குழந்தையும் நலம். குழந்தை பிறந்த விஷயமே அப்பத்தான் அந்த அம்மாவுக்குத் தெரியும்!

2005 மே 5-ல இஸ்ரோ பி.எஸ்.எல்.வி. சி6-ல கார்டோசாட் கூட ஹாம்சாட் னு ஒரு குட்டி செயற்கைக்கோளை அனுப்புச்சு. 42.5 கிலோ. ஹாம்காரங்களுக்குன்னே நம்ம நாடு அனுப்பினது. அந்த வருஷ தீபாவளிக்கு நான் ஊருக்குப் போயிருந்தப்ப, இன்ச் டேப்பை வெட்டிச் செஞ்ச ஆன்டெனாவைக் கையில பிடிச்சுக்கிட்டு மொட்டை மாடியில நின்னோம். மேலே அனுப்பற கருவி எங்ககிட்ட இல்லை, கேட்க மட்டும் செஞ்சோம். தெற்குலேர்ந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஊரெல்லாம் பட்டாசு வெடிக்க, ஹெட்போனோட ஒரு காது அவருக்கு, ஒரு காது எனக்கு. (அந்தக் கோள் 2014 ஜூலையில பேட்டரி செத்து ஓய்ஞ்சுது.) நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ரேடியோ கேட்டது அதுதான் கடைசின்னு அன்னைக்குத் தெரியாது.

2006-ல எனக்குச் சென்னைக்கு மாத்தல். அபார்ட்மென்ட். மாடியில கம்பி கட்ட அசோசியேஷன் ஒத்துக்கலை. ரெண்டு தடவை கேட்டேன், மூணாவது தடவை கேட்கலை. கையில செல்போன் இருக்கு, அண்ணாச்சிகிட்ட நினைச்ச நேரம் பேசலாம், எதுக்கு இந்தக் கரகரப்பு? லைசென்ஸ் புதுப்பிக்கற தேதி வந்துச்சு, போயிடுச்சு. அண்ணாச்சிகிட்ட "அடுத்த மாசம் கட்டறேன்" னு சொன்னேன். அவரு "சரி தம்பி" ன்னாரு. மாசம் ரெண்டு தடவை போன்ல பேசிட்டுதான் இருந்தோம். ரேடியோவைப் பத்தி அவரா எடுக்க மாட்டாரு.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி ஓம் சக்தி ஆலை விபத்து. சுமார் 40 பேர் போனாங்க. முதல் வெடிக்கு அப்புறம் உதவி பண்ண ஓடினவங்களும் வேடிக்கை பார்க்கப் போனவங்களும் அதுல நிறைய. நான் டி.வி.யில பார்த்துட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டா லைன் கிடைக்கலை. அந்தப் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் போன் போட்டா டவர் என்ன பண்ணும்? சாயங்காலம் கிடைச்சுது. "நல்லாருக்கேன், நீ கவலைப்படாதே. நம்ம தெருவுல ரெண்டு வீட்டுக்காரங்களைத் தேடிக்கிட்டிருக்காங்க" ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலை.

இனி 2019. காரியம் எல்லாம் முடிஞ்சு, மதினி கூப்பிட்டாங்க. "இந்தப் பெட்டியெல்லாம் என்னப்பா செய்யறது? எனக்கு ஒண்ணும் தெரியலை." லைசென்ஸ் இல்லாதவங்க வீட்டுல டிரான்ஸ்மிட்டர் இருக்கக் கூடாது, அப்போ நடப்புல இருந்தது 1933-ம் வருஷத்துச் சட்டம். என்கிட்டயும் லைசென்ஸ் இல்லை. முப்பது வருஷ சிஷ்யன்னு பேரு, குருவோட ரேடியோவைத் தூக்கிட்டுப் போற தகுதி கிடையாது. மதுரையில லைசென்ஸ் உள்ள ஒரு நண்பரைக் கூட்டிட்டுப் போனேன், முறையா எழுதி வாங்கிக்கிட்டாரு.

ஹாம் ஒவ்வொருத்தரும் யாரோட, எப்போ, எந்த அலையில பேசினோம்னு நோட்டு எழுதணும். அண்ணாச்சி நோட்டு எல்லாம் சிவகாசி அச்சாபீஸ் கழிவுத் தாளைத் தைச்சது. பதினாலு நோட்டு. மதினி அதை எனக்குக் கொடுத்தாங்க. பஸ்ல வரும்போது புரட்டினேன். 2004 டிசம்பரைத்தான் முதல்ல தேடினேன். இருந்துச்சு, 26-ம் தேதிக்கு நேரா "14 — அந்தமான் — கேட்கிறேன்" னு மட்டும். அப்புறம் சும்மா பக்கத்தைத் தள்ளினேன்.

2006 ஜூன்லேர்ந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு வரி. 7.00, 7.050, என்னோட குறி, "அழைத்தேன். பதில் இல்லை." அடுத்த வாரமும் அதே. கல்யாணம் காட்சின்னு சில வாரம் விட்டிருக்காரு, மழை நாள்ல விட்டிருக்காரு, மத்தபடி வாரா வாரம். எனக்கு லைசென்ஸ் இல்லைன்னு தெரிஞ்ச பிறகும். 2012 செப்டம்பர் 5, புதன்கிழமை, அன்னைக்கு மூணு வரி. 12.50, 1.05, 1.30. "மதுரை யாராவது" ன்னு ஒண்ணு, அப்புறம் என்னோட குறி, அப்புறம் மறுபடி "மதுரை யாராவது". ஆஸ்பத்திரிக்குச் சேதி சொல்லவா, ரத்தம் கேட்கவான்னு நோட்டுல இல்லை. பதில் இல்லைங்கறது மட்டும் இருக்கு. நான் மதுரையை விட்டே ஆறு வருஷம் ஆயிருந்துச்சு. இருந்தாலும் அந்த வரியில என் பேரு இருக்கு.

ஞாயித்துக்கிழமை வரிகள் 2014 மார்ச் வரைக்கும் ஓடுது. அதுக்கப்புறம் இல்லை. ஏன் நிறுத்தினாருன்னு எழுதலை. அந்த எட்டு வருஷத்துல எத்தனை தடவை போன்ல பேசியிருப்போம்! ஒரு தடவைகூடச் சொல்லலையே மனுஷன்.

செத்துப் போன ஹாமை "சைலன்ட் கீ" ம்பாங்க. தந்தி அடிக்கற சாவி ஓய்ஞ்சுருச்சுன்னு அர்த்தம். தந்திக்காரங்க பேச்சை முழுசா முடிக்கும்போது தட்டற குறியும் அதே ரெண்டு எழுத்துதான், டிடிடி டா டி டா. கடைசி நோட்டோட கடைசிப் பக்கத்துல நான் அதை எழுதலாமான்னு பேனாவை எடுத்தேன். எழுதலை. அது அவரு நோட்டு.

இப்போ மோர்ஸ் இல்லாமலே ரெஸ்டிரிக்டெட் கிரேடு வாங்கலாம், பொது கிரேடுக்குத்தான் மோர்ஸ். நான் மோர்ஸோடவே எழுதப் போறேன். படிச்சுக்கிட்டிருக்கேன், ராத்திரி டீ கிளாஸ்ல தட்டறேன், வீட்டுல திட்டு விழுது.

அன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னால நானும் அண்ணாச்சி பையனும் மரத்துல ஏறி அந்தக் கம்பியை இறக்கினோம். இடி விழுந்துடப் போகுதுன்னு மதினிக்குப் பயம். அளந்து பார்த்தேன், 66 அடி, கச்சிதமா 7 மெகாஹெர்ட்ஸுக்கு. சுருட்டி எடுத்துட்டு வரலாம்னு பார்த்தேன். "நல்ல செம்புக் கம்பியாச்சே, துரு ஏறாதே" ன்னு மதினி பாதியை வெட்டிக் கொல்லைப்புறம் கொடி கட்டிக்கிட்டாங்க. போன மாசம் போயிருந்தப்ப பார்த்தேன், பேரனோட பள்ளிக்கூட யூனிஃபார்ம் காஞ்சுக்கிட்டிருந்துச்சு.